கேள்வி – பதில்: தீவு, தேர்தல், கடன், துறைமுகம்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை கச்சதீவைப் பற்றியவை. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். ஏனைய நான்கும் கொழும்பின் வெவ்வேறு மூலைகளிலிருந்து வந்தவை.

கேள்வி: கச்சதீவை மீட்போம் என்று தமிழ்நாட்டிலும், ஒரு பிடி மண்ணும் தரோம் என்று இங்கும் பேசுகிறார்கள். தீவு யாரிடம் இருந்தால் எங்கள் ஆட்களின் வலைகள் தப்பும்?
– குருநகரைச் சேர்ந்த, தற்போது கொட்டாஞ்சேனையில் வசிக்கும் வாசகர்

பதில்: யாரிடம் இருந்தாலும் தப்பாது. கச்சதீவின் பரப்பு ஏறத்தாழ 285 ஏக்கர். அங்கே அந்தோனியார் கோயில் உண்டு, குடிமக்கள் இல்லை. 1974 ஜூனில் செய்யப்பட்ட ஒப்பந்தம் பாக்கு நீரிணையில் எல்லைக்கோட்டை வரைந்தபோது தீவு இலங்கைப் பக்கம் வந்தது. அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே பயண ஆவணம் இன்றித் தீவுக்கு வந்துபோகலாம் என்றும், ஆறாம் பிரிவு இரு நாட்டுக் கலங்களும் ஒன்றன் நீர்ப்பரப்பில் மற்றொன்று மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடரலாம் என்றும் கூறுகின்றன. தமிழ்நாட்டு மேடைகளில் இவ்விரு பிரிவுகளும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆனால் 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை வகுத்த வேளையில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டின் மீன்பிடிக் கலங்கள் மற்ற நாட்டின் நீர்ப்பரப்பில் தொழில் செய்யலாகாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. அதே ஏற்பாட்டில்தான் கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வளம் மிக்க மீன்பிடிப் பரப்பான வாட்ஜ் மேடை இந்தியாவின் உரிமைக்குள் சென்றது. கச்சதீவைக் 'கொடுத்ததாக' அங்கே பேசுவோரும் வாட்ஜ் மேடையை இழந்ததை மறந்துவிட்ட நம்மவரும் 1976ஆம் ஆண்டின் தாள்களைப் புரட்டியதாகத் தெரியவில்லை.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தீவு நாளைக்கே இந்தியாவிடம் போய்விட்டது என்று வைத்துக்கொண்டாலும் எல்லைக்கோடு அந்த இடத்தில் சில கிலோமீற்றர் கிழக்கே நகருமே தவிர, நெடுந்தீவுக் கரைக்கோ, பருத்தித்துறைக்கோ, முல்லைத்தீவுக்கோ வந்துவிடாது. தங்கள் ஊரவர் இரவில் வலைகளை அறுக்கும் இந்திய றோலர்களை (இழுவைப் படகுகளை) காண்பது அங்கேதானே? வழக்கின் வேர் தீவில் இல்லை, இழுவை மடியில் இருக்கிறது. கடலடியைச் சுரண்டி, குஞ்சும் முட்டையும் சேர அள்ளிச் செல்லும் அந்த முறையை இந்தியக் கரையில் அரசே பல பத்தாண்டுகளுக்கு முன் ஊக்குவித்தது. அங்கே வளம் குன்றியபோது, போரினால் நம்மவர் கடலுக்குப் போக முடியாதிருந்த வடக்குக் கடல் இந்திய மீனவர்களுக்குத் திறந்து கிடந்தது. 2009இன் பின் நம்மவர் வலையோடு திரும்பியபோது, பல ஆண்டுகளாகப் பழகிப்போன ஒரு வழித்தடத்தில் குறுக்கே நிற்பவர்களாகவே அவர்களுக்குத் தோன்றினார்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இழுவைப் படகுகளுக்குத் தடை உண்டு. மீனுக்கு ஓய்வு வேண்டும் என்பதை அவர்களும் அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

2017இல் இரு பக்கத்திலும் சரியான திசையில் ஒவ்வோர் அடி எடுத்துவைக்கப்பட்டது. நமது பாராளுமன்றம் தனிநபர் சட்டமூலம் ஒன்றை ஏற்று, 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இழுவை மடித் தொழிலை முற்றாகத் தடைசெய்தது. இந்தியா, இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடல் சூரை பிடிக்கும் கலத்துக்கு மாறுவோருக்கு விலையில் 70 வீதத்தை மானியமாகத் தரும் திட்டத்தை அறிவித்தது. திட்டம் எதிர்பார்த்த அளவுக்கு நடக்கவில்லை. இரவில் போய்க் காலையில் கரை திரும்பிப் பழகியவரைப் பல நாள் கடலில் கிடக்கச் சொல்வது, கலத்தோடு வாழ்க்கை முறையையும் மாற்றச் சொல்வதாகும். மானியம் அதற்கு ஈடு செய்யவில்லை. நம் பக்கத்திலும் சட்டம் ஒன்று, நடைமுறை ஒன்றாக இருக்கிறது. வடக்கிலேயே சிறு இழுவைப் படகுகள் உண்டு என்பது குருநகர்க்காரரான தங்களுக்குத் தெரியாததல்ல. புதுடில்லியில் பேச்சுவார்த்தை மேசையில் அமரும் நம் அதிகாரியிடம் எதிர்த்தரப்பு முதலில் கேட்பதும் அதைத்தான். ஆகையால் கைதும் விடுதலையும் மாறிமாறி நடப்பதற்குப் பதிலாக, இழுவைப் படகுகளைப் படிப்படியாக விலக்கும் கால அட்டவணை ஒன்றை 2016இல் அமைக்கப்பட்ட இணைச் செயற்குழுவின் முன் வைப்பதும், அதே அட்டவணையை நம் கரையில் முதலில் நடைமுறைப்படுத்துவதும்தான் கொழும்பு செய்யக்கூடியது.

கேள்வி: உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். மாகாண சபைத் தேர்தல் ஏன் நடப்பதில்லை? அதைப் பற்றிக் கேட்க இந்தியாவுக்கு என்ன உரிமை?
– வெள்ளவத்தை மாணவி

பதில்: முதற் கேள்விக்குச் சட்டப்படியான விடை மிகச் சிறியது: தேர்தலை நடத்துவதற்கு முழுமையான சட்டம் இல்லை. 2017இல் மகளிர் பிரதிநிதித்துவத்தை உயர்த்தும் பெயரில் வந்த சட்டமூலம் ஒன்று குழுநிலையில் அடியோடு திருத்தப்பட்டு, விகிதாசார முறைக்குப் பதிலாகத் தொகுதிவாரியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்புத் தேர்தல் முறையைக் கொண்டுவந்தது. கலப்பு முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. முன்வைத்த அமைச்சரும் எதிர்த்தே வாக்களித்தார். மீளாய்வுக் குழுவின் அறிக்கையும் உரிய காலத்தில் வரவில்லை. பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது, புதிய முறை முடிக்கப்படவில்லை. இடைவெளியில் ஆளுநர்கள் ஆள்கிறார்கள். வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் நடந்த தேர்தலே அதன் முதலாவதும் கடைசியுமான தேர்தல். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது.

இதைச் சீர்செய்ய அரசியலமைப்புத் திருத்தமோ சர்வசன வாக்கெடுப்போ தேவையில்லை. பழைய முறையிலேயே தேர்தலை நடத்தலாம் என்று சொல்லும் சிறு திருத்தச் சட்டம், சாதாரண பெரும்பான்மை, அவ்வளவே. 2024 நவம்பரில் 225இல் 159 ஆசனங்களைப் பெற்ற தேசிய மக்கள் சக்தி என்ற ஆளும் கட்சியிடம் அது இல்லை என்று சொல்ல முடியாது. அதே கட்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐ வென்றது. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்து முடிந்தது. ஆகவே இது இனிமேல் அரசியல் விருப்பம் பற்றிய கேள்வியே.

இந்தியாவின் உரிமைக்கு வருகிறேன். மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் 1987 நவம்பரில் சட்டமானது. அதன் தோற்றுவாய் அவ்வாண்டு ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் கைச்சாத்தான இந்திய – இலங்கை ஒப்பந்தம். இரு நாட்டு ஒப்பந்தத்தின் நிறைவேற்றத்தைப் பற்றி மற்றத் தரப்பு கேட்பதைத் தலையீடு என்று சொல்வது கடினம். ஆனால் தாங்கள் பரீட்சைக்காகவேனும் கவனிக்க வேண்டியது அந்த ஒப்பந்தத்தோடு இணைந்த கடிதங்களை. திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் வழங்குவதில்லை என்றும், அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளைக் கூட்டாகப் புனரமைப்பது என்றும் அவற்றில் எழுதியிருக்கிறது. பிரித்தானியர் கட்டிய அந்த 99 தாங்கிகளுக்கு 2022 ஜனவரியில் பங்கீடு செய்யப்பட்டது: 61 கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கு. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது ஐக்கிய அரபு இராச்சியத்தையும் சேர்த்துத் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாடு எழுதப்பட்டது. 1987இல் ஒரே நாளில் கைச்சாத்தான தாள்களில் எண்ணெய் பற்றிய பகுதி நடக்கிறது, அதிகாரப் பகிர்வு பற்றிய பகுதி உறங்குகிறது. புதுடில்லி இரண்டையும் கேட்கிறது. ஒன்றைத்தான் அழுத்திக் கேட்கிறது என்பது என் கணிப்பு. எண்ணெய்த் தாங்கிகளுக்கு வாக்குரிமை இல்லாதது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் அவற்றுக்கும் எல்லை நிர்ணயம் தேவைப்பட்டிருக்கும்.

கேள்வி: நாட்டின் கடன் தள்ளுபடி ஆகிவிட்டதா இல்லையா? ஆகிவிட்டதென்றால் 18 வீத வற் வரியை ஏன் இன்னும் கட்டுகிறோம்?
– புறக்கோட்டை வியாபாரி

பதில்: பெரும்பகுதி தள்ளிப்போடப்பட்டது, ஒரு பகுதி குறைக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அறிவித்த பின், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலருக்கு 48 மாதத் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. 2024 ஜூனில் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையிலான கடன்கொடுநர் குழுவோடு 5.8 பில்லியன் டொலருக்கும், சீன எக்சிம் வங்கியோடு ஏறத்தாழ 4.2 பில்லியனுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. குழுவின் கடனில் முதலைத் திருப்பிச் செலுத்துவது 2028க்குப் பிற்போடப்பட்டு, தவணைகள் 2043 வரை நீட்டப்பட்டன. கடன் அழியவில்லை, தவணை மாறியது. நான்காம் குறுக்குத் தெருவில் வியாபாரம் செய்பவருக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்கத் தேவையில்லை.

அரசின் சர்வதேசப் பிணைமுறிகளை (கடன் பத்திரங்களை) வாங்கியிருந்தவர்கள் மட்டுமே முதல் தொகையில் 27 வீதத்தை விட்டுக்கொடுத்து, 2024 டிசம்பரில் ஏறத்தாழ 12.5 பில்லியன் டொலர் பெறுமதியான முறிகளை மாற்றிக்கொண்டார்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. புதிய முறிகளில் ஒரு பகுதி நமது பொருளாதாரத்தின் பருமனோடு பிணைக்கப்பட்டுள்ளது: 2025 முதல் 2027 வரையான சராசரி மொத்த உள்நாட்டு உற்பத்தி குறித்த வரம்பைத் தாண்டினால், விட்டுக்கொடுத்ததில் ஒரு பங்கு அவர்களுக்குத் திரும்பும். அந்த உற்பத்தி டொலரில் அளக்கப்படுவதால், தொழிற்சாலைகளின் வேகம் மட்டுமல்லாமல் ரூபாவின் வலிமையும் அந்த எண்ணை உயர்த்தும். உண்மை வளர்ச்சி பற்றிய தனி நிபந்தனை ஒன்றும் இருப்பது ஓரளவு பாதுகாப்பு. ரூபா வலுக்கும்போது மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சிக்கு 2028இல் ஒரு பற்றுச்சீட்டு வரக்கூடும்.

வற் வரி இதனோடு நேரடியாகத் தொடர்புடையது. 2019 டிசம்பரில் அது 15இலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டபோது அரச வருமானம் சரிந்தது. 2024 ஜனவரியில் 18க்கு வந்தது. வட்டிச் செலவைத் தவிர்த்த வரவுசெலவில் மொத்த உற்பத்தியின் 2.3 வீத மிகை இருக்க வேண்டும் என்பது நிதியத் திட்டத்தின் அடிப்படை இலக்கு. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டத்துக்குப் பின் பணம் அச்சிட்டு அரசு சமாளிக்கும் வழியும் அடைபட்டது. வேறு வருமானம் காட்டாமல் எந்த அமைச்சரும் வற் வரியில் கைவைக்க முடியாது. நேரடி வரி வலையை விரிக்காமல் வாங்குபவர் தலையிலேயே சுமத்துவது நீதியா என்று கேட்டீர்களானால், இல்லை என்பேன்.

கேள்வி: என் மனைவி இரத்மலானையில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்காவிட்டால் அவருடைய வேலைக்கு ஆபத்து என்கிறார்களே, அது எப்படி?
– கல்கிசை வாசகர்

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையே அந்தத் தொடர்பு. 27 சர்வதேச உடன்படிக்கைகளை நிறைவேற்றும் நாடுகளின் பொருட்களுக்கு அது தீர்வை விலக்கு அளிக்கிறது. சித்திரவதை, சிறுவர் உரிமை, குடியியல் – அரசியல் உரிமை ஆகிய மூன்று உடன்படிக்கைகளில் குறை கண்டு 2010 ஓகஸ்டில் அந்தச் சலுகை நமக்கு நிறுத்தப்பட்டது. 2017 மே மாதத்தில்தான் திரும்பக் கிடைத்தது. 1979இல் தற்காலிகமாக வந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டம் ஒவ்வொரு மீளாய்விலும் முதல் வரிசையில் நிற்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தடுப்புக்காவலின் உச்சத்தை 18 மாதத்திலிருந்து 12 ஆகக் குறைத்தது. பொலிஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கும் பிரிவைத் தொடவில்லை. 2018இலும் 2023இலும் வந்த மாற்றுச் சட்டமூலங்கள் சட்டமாகவில்லை.

அமெரிக்காவின் கதை வேறு. 2025 ஏப்ரலில் அறிவித்த 44 வீதத் தீர்வை ஓகஸ்டில் 20 ஆக இறங்கியது வர்த்தகப் பேரத்தினால். அங்கே மனித உரிமை கேட்கப்படவில்லை. நமது ஆடைகளை மிக அதிகம் வாங்கும் நாடு அதுவே என்பதால், ஐரோப்பியச் சந்தையையும் இழக்க இடமில்லை. வேலைக்காக அந்தச் சட்டத்தை நீக்க வேண்டும் என்ற வாதம் எனக்குச் சற்றுக் கூச்சத்தைத் தருகிறது. விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு நாற்பது ஆண்டாகக் கிடைக்காத செவி, ஏற்றுமதிக் கணக்குக்குக் கிடைக்கிறது.

கேள்வி: கடைசியில் நாம் யார் பக்கம்? இந்தியாவா, சீனாவா?
– தெகிவளை வாசகர்

பதில்: கொழும்பின் தென் துறைமுகப் பரப்பிலேயே விடை இருக்கிறது. 85 வீதம் சீன நிறுவனத்தின் பங்கு கொண்ட கொள்கலன் முனையமும், அதானி 51, ஜோன் கீல்ஸ் 34, துறைமுக அதிகாரசபை 15 என்ற பங்கில் 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய மேற்கு முனையமும் அங்கே அருகருகே தொழில் செய்கின்றன. வெளிப்படையாகவே கம்யூனிச எதிர்ப்புப் பேசிய அரசு 1952இல் சீனாவோடு இறப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்த நாடு இது; அப்போது இரு நாட்டுக்கும் தூதரகம்கூட இல்லை. பக்கம் சாராமை நமக்குப் புதிதல்ல. 2022 ஓகஸ்டில் சீன ஆய்வுக் கப்பலான யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தபோது செய்ததுபோல் ஒவ்வொரு கப்பலுக்கும் தனித்தனியே தடுமாறுவதுதான் ஆபத்து. 2024இல் எல்லா நாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கும் ஓராண்டு தடை விதித்தது, பெயர் சொல்லாத விதி என்பதால் ஒப்பீட்டளவில் மலிவான தீர்வாக அமைந்தது.

எனக்குள்ள குறை வேறு. 2025 ஏப்ரலில் இந்தியாவோடு பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடு கைச்சாத்தான வேளையில் அதன் முழு வாசகம் மக்களுக்கு வெளியிடப்படவில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக்குக் கொடுத்தபோதும் இதே முறைப்பாடு எழுந்தது. தங்களுக்கு அக்கறை இருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அமைச்சின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தரலாமா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். தேசிய பாதுகாப்பையும் பிற நாடுகளுடனான உறவையும் காட்டி மறுக்க ஐந்தாம் பிரிவு இடமளிக்கிறது. மறுத்தால், குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். பதில் கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.