கருவி 41 என்று காட்டிவிட்டால் வழக்கு முடிந்துவிட்டதா?

கேள்வி: என் தம்பி லாரி ஓட்டுநர். சென்ற மாதம் சேலம் அருகே இரவு வாகனத் தணிக்கையில் போலீசார் அவனை ஊதச் சொன்னார்கள். மூச்சில் மதுவை அளக்கும் கருவி 41 என்று காட்டியது. அச்சுச் சீட்டின் நகலையும் கொடுத்தார்கள். தனக்கு மதுப்பழக்கமே இல்லை, ஊதுவதற்குச் சற்றுமுன் இருமல் மருந்து குடித்தேன் என்கிறான். அரசு மருத்துவமனையில் 'மது வாடை உண்டு, தடுமாற்றம் இல்லை' என்று எழுதினார்கள். இரத்தம் எடுக்கவில்லை. "பத்தாயிரம்தானே, ஒப்புக்கொண்டு கட்டிவிடு" என்கிறார் லாரி முதலாளி. என்ன செய்வது?
- வாசகி, நாமக்கல்

பதில்: சகோதரிக்கு, முதலாளி சொல்வதைக் கேட்டு அவசரப்பட வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டுவதைத் தண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அது வெறும் அபராதம் அல்ல, தண்டனை. இன்னொரு முறை இதேபோல் சிக்கினால் இரண்டாண்டு வரை சிறைக்கு இடம் இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்துக்கும் ஆபத்து. உரிமம் போனால் உங்கள் தம்பிக்குச் சோறு எங்கிருந்து வரும்?

முதலில் தம்பியைத் தனியே உட்காரவைத்து, மருந்து குடித்ததற்கும் ஊதியதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். ஆல்கஹால் கலந்த மருந்தைக் குடித்தவுடன் வாயில் தங்கும் ஆவி கருவியை ஏமாற்றிவிடும். கால் மணி நேரத்தில் அது பெரும்பாலும் அடங்கிவிடும். ஐந்து நிமிடம் என்றால் அவன் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஒரு மணி நேரம் என்றால் மருந்தின் மேல் பழிபோட முடியாது. உண்மையில் குடித்திருந்தால் இந்தப் பதில் அவனுக்கு உதவாது. குடித்தவர் ஓட்டிய வண்டியில் மகனை இழந்த தாய்மார்களுக்காகவும் நடுவர் நீதிமன்றத்தில் நின்றவள் நான்.

சட்டம் வைத்திருக்கும் வரம்பு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். கருவி காட்டிய 41 என்பதும் இந்தக் கணக்கில்தான். ஆனால் கருவி இரத்தத்தைப் பார்ப்பதே இல்லை. மூச்சில் உள்ள ஆல்கஹாலை அளந்து, பொதுவாக அதை 2,100 மடங்காக்கி, 'இரத்தத்தில் இவ்வளவு' என்று கணக்கிட்டுச் சொல்கிறது. அந்த விகிதம் எல்லோருக்கும் ஒன்றல்ல. உடல் வெப்பத்தாலும் மாறும். கருவிக்குள் இருக்கும் உணரியும் (சென்சார்) நாள்பட நாள்பட விலகும். அதனால்தான் அளவு தெரிந்த மாதிரியைச் செலுத்தி, குறித்த காலத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். காலிபரேஷன் என்பது இதைத்தான்.

இந்த ஒரு வேலையில் குறை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலமே சாட்சி. அங்கே ஆல்கோடெஸ்ட் என்ற கருவியைச் சரிபார்க்கும்போது, அளவு தெரிந்த மாதிரியான சோதனைக் கரைசல் 34 டிகிரி செல்சியஸில் இருக்கிறதா என்று சான்றுபெற்ற தனி வெப்பமானியால் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒரு காவல் அதிகாரி அந்தப் படியைச் செய்யாமலே செய்ததாகக் கையெழுத்திட்டார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அவர் சரிபார்த்த கருவிகளில் ஐந்து மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் ஊதியவை 20,667 சோதனைகள். அந்த வெப்பமானியால் பார்க்காத கருவியின் முடிவுகளைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 2018-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊதியவர்களில் எவ்வளவு பேர் உண்மையில் குடித்திருந்தார்கள் என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குற்றவாளியும் தப்புகிறான், நிரபராதியும் தண்டனை சுமக்கிறான். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 203-வது பிரிவின்படி மூச்சுச் சோதனை முடிவைச் சாட்சியமாக ஏற்கலாம். ஏற்பது வேறு, நம்புவது வேறு. நம்பத் தகுந்ததா என்று கேட்கும் உரிமை உங்கள் தம்பிக்கு உண்டு. வழக்கறிஞர் மூலம், ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94-வது பிரிவில் மனு போட்டு, சீட்டில் உள்ள வரிசை எண்ணுக்குரிய கருவியின் காலிபரேஷன் சான்றிதழைக் கேளுங்கள். கடைசியாகச் சரிபார்த்தது எப்போது? ஊதுமுன் கருவி சுழியம் காட்டியதா? புதிய ஊதுகுழல் மாட்டினார்களா? சற்று நேரம் காத்திருந்து மறுமுறை ஊதச் சொன்னார்களா? குறுக்கு விசாரணையில் இவற்றை அந்த அதிகாரியிடமே கேட்க வேண்டும்.

மருத்துவர் எழுதிய 'வாடை'யைக் கண்டு கலங்காதீர்கள். பச்சுபாய் வழக்கில் 1971-லேயே உச்ச நீதிமன்றம், இரத்தமோ சிறுநீரோ சோதிக்காத நிலையில் வாடையை மட்டும் கொண்டு குடித்திருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்றது. 'தடுமாற்றம் இல்லை' என்ற குறிப்பு உங்களுக்குச் சாதகமானது. அவனைக் கைது செய்திருந்தால், இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடந்ததா என்பதையும் பாருங்கள். 202-வது பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது.

மருந்துப் பாட்டிலையும், வாங்கிய ரசீது இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். லேபிளில் ஆல்கஹால் அளவு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சுச் சீட்டு வெப்பத்தாளில் இருந்தால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். இன்றே இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வழக்கறிஞரிடம் கொடுங்கள்.