சி மொழியில் பைப்பைப் படிக்கும் சைல்டு ப்ராசஸ் ஏன் முடியாமல் நிற்கிறது?

பைப் என்பது கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கும், தரவு போகும் ஒருவழிப் பாதை. பைப்(பி) என்று அழைத்தால் பி என்ற அரேயில் இரண்டு எண்கள் கிடைக்கும்: 0-ஆவது இடத்தில் படிக்கும் முனை, 1-ஆவது இடத்தில் எழுதும் முனை. அப்புறம் ஃபோர்க்() செய்தால், ஓடும் ப்ராசஸ் (பேரன்ட்) தன்னைப் போலவே ஒரு நகலை (சைல்டு) உருவாக்கும். அப்போது பைப் இரண்டாக ஆவதில்லை, முனைகள்தான் இரட்டிப்பாகின்றன. இப்போது எழுதும் முனை பேரன்ட்டிடம் ஒன்று, சைல்டிடம் ஒன்று.

சிக்கல் இங்கேதான். எழுதும் முனைகள் எல்லாமே மூடினால்தான், பைப்பைப் படிக்கும் ரீட்() 'இனி எதுவும் வராது' என்பதற்கு அடையாளமாக 0 தரும். ஒன்று திறந்திருந்தாலும் இன்னும் ஏதோ வரும் என்று அது காத்திருக்கும். இரவில் கடைசி ஆள் வந்த பிறகுதானே கதவைத் தாழ்ப்பாள் போடுவோம்? வந்து படுத்துவிட்ட ஆளையும் வெளியே இருப்பதாகக் கணக்கில் வைத்தால், விடியவிடிய விழித்திருக்க வேண்டியதுதான். சைல்டு தன் கையிலுள்ள எழுதும் முனையை மூடாவிட்டால் தனக்காகத் தானே காத்திருக்கும். இந்த ஒரு வரி விட்டுப்போய் நான் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

அதனால் ஃபோர்க்() முடிந்ததும் சைல்டில் முதல் வரியாக க்ளோஸ்(பி[1]) எழுதுங்கள். பேரன்ட் எழுதி முடித்ததும் தன் முனையை மூடட்டும்.

ஒரு ப்ராசஸில் மூடினால் மற்றதிலும் மூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அவரவர் பிரதியை அவரவரே மூட வேண்டும்.