மூத்த ஆயர் பதில்கள்

கேள்வி: எங்கள் சபை உதவிகுருவைக் குருப்பட்டத்துக்குத் தயார் செய்வது என் பொறுப்பு. பிரசங்கம் நன்றாகவே செய்கிறார். வேறென்ன பழக்குவது?

பதில்: பிரசங்கம் இருக்கட்டும், துக்க வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். நான் உதவிகுருவாக இருந்தபோது, மகனை இழந்த ஒரு தாயிடம் கால்மணி நேரம் வசனமாகக் கொட்டினேன். என் ஆயரோ அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வாயே திறக்கவில்லை. திரும்பும்போது, “யாருக்காகத் தம்பி பேசினாய்?” என்றார். அவ்வளவுதான், எனக்கு முகம் செத்துவிட்டது.

அப்புறம், திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை. உதவிகுரு பரிமாறலாம், ஆனால் குருப்பட்டம் பெறும்வரை அப்பத்தையும் ரசத்தையும் அர்ப்பணிக்க முடியாது. அதனால் வெறும் பாத்திரத்தை வைத்து இப்போதே ஒத்திகை பாருங்கள். முதல் நாள் கை நிச்சயம் நடுங்கும். பட்டம் பெறும் தேதிக்கு அவசரப்பட்டால் 1 தீமோத்தேயு 5:22ஐக் காட்டுங்கள்: யார்மேலும் அவசரப்பட்டுக் கைகளை வைக்காதே, அதாவது அவசரமாகப் பட்டம் கொடுக்காதே என்கிறது. சபைக் கணக்கு நோட்டையும் ஒரு மாதம் அவரே எழுதட்டும்.