நோட்டைத் தொட்டால் வரி திறக்க: லிலிபாண்ட் கேள்வி பதில்

லிலிபாண்ட் என்பது எழுத்தாக அடித்த இசையைப் பிடிஎஃப் இசைத்தாளாக மாற்றும் மென்பொருள். அதில் ஷீட் மியூசிக் எழுதுபவர்கள், பிடிஎஃபில் ஒரு நோட்டைக் கிளிக் செய்தால் அதை எழுதிய வரி திறக்கும்படி பிடிஎஃப் வியூவரை டெக்ஸ்ட் எடிட்டரோடு இணைப்பது பற்றி அனுப்பிய கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: இப்போதுதான் லிலிபாண்ட் பழகுகிறேன். இந்த இணைப்பு எனக்கு அவசியமா?

பதில்: பத்து பார் கொண்ட சின்னப் பாட்டுக்கு வேண்டாம். அதைத் தாண்டினால் கட்டாயம் வேண்டும் என்பேன். சென்ற மாதம் நாலு குரல் கோரஸ் ஒன்றை அச்சுக்குத் தயார் செய்தேன். டி மேஜர். ஆல்டோவின் 23ஆம் பாரில் தேவையில்லாமல் ஒரு நேச்சுரல் குறி (ஷார்ப்பை நீக்கும் குறி) நின்றது. கீ சிக்னேச்சர் போட்டிருந்தாலும் லிலிபாண்டில் எஃப் தானாக ஷார்ப் ஆகாது. ஒவ்வொரு முறையும் 'ஃபிஸ்' என்றே எழுத வேண்டும். (இது டச்சுப் பெயர். 1996இல் இந்த மென்பொருளைத் தொடங்கிய ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவென்ஹாய்சன் இருவரும் டச்சுக்காரர்கள்.) நான் ஓரிடத்தில் வெறும் எஃப் எழுதியிருந்தேன். நானூறு வரிக்கு மேல் போகும் கோப்பில் அதை எங்கே தேடுவது? நோட்டின் தலையில் கிளிக் செய்தேன். 147ஆம் வரியில், அந்த எஃப் எழுத்தின் மேலேயே கர்சர் வந்து நின்றது. இரண்டு எழுத்து சேர்த்தேன், வேலை முடிந்தது.

கேள்வி: பிடிஎஃபுக்கு என் கோப்பின் வரி எண் எப்படித் தெரிகிறது?

பதில்: கம்பைல் செய்யும்போதே, அதாவது எழுதிய கோப்பைப் பிடிஎஃபாக மாற்றும்போதே, லிலிபாண்ட் ஒவ்வொரு நோட்டின் மேலும் ஒரு லிங்க் வைத்துவிடுகிறது. இணையதள லிங்க் 'எச்டிடிபி' என்று தொடங்குவது போல இது 'டெக்ஸ்ட்எடிட்' என்று தொடங்கும். பின்னால் கோப்பின் முழுப் பாதை, வரி எண், அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்பதெல்லாம் இருக்கும். கிளிக் செய்ததும் வியூவர் அதை இயங்குதளத்திடம் கொடுக்கிறது. இயங்குதளம் 'லிலிபாண்ட்-இன்வோக்-எடிட்டர்' என்ற சின்ன ஸ்கிரிப்டிடம் கொடுக்கிறது. ஸ்கிரிப்ட் எடிட்டரைத் திறக்கிறது. ஆக, மூன்று கை மாறுகிறது. எந்தக் கையில் நழுவுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கேள்வி: உபுண்டுவில் எவின்ஸ் என்ற பிடிஎஃப் வியூவர் வைத்திருக்கிறேன் அண்ணா. கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு நாளாகப் போராடுகிறேன்.

பதில்: கடைசிக் கையிலிருந்து பின்னோக்கி வாருங்கள் தம்பி. முதலில் டெர்மினலில் லிலிபாண்ட்-இன்வோக்-எடிட்டர் என்று அடித்து, டெக்ஸ்ட்எடிட் லிங்க் ஒன்றைக் கையால் கொடுங்கள். எடிட்டர் திறந்தால் ஸ்கிரிப்டில் கோளாறு இல்லை. அப்புறம் அதே லிங்க்கை 'எக்ஸ்டிஜி-ஓப்பன்' கட்டளைக்குக் கொடுங்கள். இங்கே திறக்கவில்லை என்றால், டெக்ஸ்ட்எடிட் வகை லிங்க்கை யார் திறப்பது என்று உங்கள் கணினிக்கு இன்னும் சொல்லவில்லை என்று அர்த்தம். அதற்கு ஒரு 'டெஸ்க்டாப்' கோப்பு எழுதி, அந்த வகைக்கு இந்த ஸ்கிரிப்டையே இயல்பானதாகப் பதிய வேண்டும்.

இரண்டும் திறந்து, எவின்ஸில் மட்டும் திறக்கவில்லையா? அப்படியானால் தடுப்பது ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு. எவின்ஸ் எந்தெந்த நிரலை ஓட்டலாம் என்று உபுண்டு அதன் வழியாக ஒரு வரையறை வைத்திருக்கிறது. நம் ஸ்கிரிப்ட் அதில் இல்லை. ஆப்ஆர்மர் கோப்புறைக்குள் 'லோக்கல்' என்ற துணைக் கோப்புறையில் எவின்ஸுக்கான கோப்பு இருக்கும். ஸ்கிரிப்டை அனுமதிக்கும் ஒரு வரியை அதில் சேர்த்து, ஆப்ஆர்மரை மறுபடி ஏற்றுங்கள். சேர்க்க வேண்டிய வரி லிலிபாண்ட் கையேட்டிலேயே இருக்கிறது. கோபத்தில் ஆப்ஆர்மரையே அணைத்துவிடாதீர்கள்; ஒரு வரிக்காக மொத்தக் காவலையும் எடுப்பது சரியில்லை.

கேள்வி: எனக்கு விஎஸ் கோட் திறக்க வேண்டும், வேறு எடிட்டர் திறக்கிறது.

பதில்: 'எல்ஒய்எடிட்டர்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் உங்கள் எடிட்டரின் கட்டளையை எழுதுங்கள். கோப்பு, வரி, வரியில் எத்தனையாவது எழுத்து ஆகிய மூன்றும் வரவேண்டிய இடங்களில் ஸ்கிரிப்டுக்குப் புரியும் குறிகளை வைக்க வேண்டும்: சதவீதக் குறி, அடைப்புக்குள் பெயர், அதை ஒட்டி எஸ். விஎஸ் கோடுக்கு 'கோட்டூ' ஆப்ஷன் உண்டு. அதில் மூன்றையும் முக்காற்புள்ளியால் பிரித்துக் கொடுத்தால் போதும்.

பலர் இங்கே தடுக்கி விழுகிறார்கள்: வேரியபிளை பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிவிட்டு, மெனுவிலிருந்து வியூவரைத் திறப்பார்கள். பாஷ்ஆர்சியைப் படிப்பது டெர்மினல்தான், மெனு படிக்காது. 'புரொஃபைல்' கோப்பில் எழுதி, ஒருமுறை லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

கேள்வி: லிலிபாண்டுக்கென்றே உள்ள ஃப்ரெஸ்கோபால்டி எடிட்டரில் இதெல்லாம் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். எடிட்டரும் வியூவரும் ஒரே ஜன்னலில் இருப்பதால் நிறுவியதும் கிளிக் வேலை செய்யும். எதிர்த் திசையும் உண்டு: எழுத்தில் கர்சர் எந்த நோட்டில் இருக்கிறதோ, அது பிடிஎஃப் பக்கத்திலும் ஒளிரும். வெளி வியூவரில் இது கிடைக்காது. லாடெக்ஸில் ஆவணம் தயாரிப்பவர்களுக்கு சின்க்டெக் என்ற வசதி இரு திசையிலும் வழி தருகிறது. லிலிபாண்டின் லிங்க்குகள் பக்கத்திலிருந்து எழுத்துக்கு மட்டுமே போகும். புதிதாக வருபவர்களுக்கு ஃப்ரெஸ்கோபால்டியைத்தான் சொல்வேன்.

கேள்வி: கிளிக் செய்தால் நாலைந்து வரி தள்ளிப் போய் நிற்கிறது.

பதில்: கம்பைல் செய்த பிறகு மேலே வரிகள் சேர்த்திருப்பீர்கள். லிங்க்கில் இருப்பது பழைய எண். மறுபடி கம்பைல் செய்யுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: முடித்த பிடிஎஃபைப் பாடகர் குழுவுக்கு அப்படியே அனுப்பலாமா?

பதில்: தயவுசெய்து அப்படியே அனுப்பாதீர்கள். ஒவ்வொரு நோட்டின் லிங்க்கிலும் உங்கள் கணினியின் முழுப் பாதை இருக்கிறது என்றேன் அல்லவா? உங்கள் லாகின் பெயர், கோப்புறைகளின் பெயர்கள் எல்லாம் அதில் தெரியும். யாராவது நோட்டின் மேல் மவுஸை வைத்தாலே சில வியூவர்கள் அதைக் காட்டிவிடும். ஆயிரக்கணக்கான லிங்க்குகளால் கோப்பும் பெரிதாகும். கடைசிப் பிரதிக்குக் கோப்பின் மேலே 'பாயிண்ட்அண்ட்கிளிக்ஆஃப்' என்ற கட்டளையைப் பின்சாய்கோட்டோடு எழுதி, ஒருமுறை கம்பைல் செய்து அந்தப் பிரதியை அனுப்புங்கள். திருத்தம் கேட்டுத் திரும்பி வந்தால் அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தால் லிங்க்குகள் வந்துவிடும்.