ஏறிய மதிப்பெண் இனிக்கவில்லை, இறங்கியது மட்டும் வலிக்கிறது

வணக்கம். கணக்கில் 62லிருந்து 74க்கு ஏறியும் உங்கள் மகளுக்கு மகிழ்ச்சி இல்லை, இயற்பியலில் 88லிருந்து 81க்கு இறங்கியதற்கு மூன்று நாளாக அழுகிறாள், இது இயல்புதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இயல்புதான். ஒரே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிட நஷ்டத்தின் வலி பெரிது என்று உளவியலாளர்களான டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். அவர்கள் பேசியது பணத்தைப் பற்றி, ஆனால் மதிப்பெண்ணிலும் அதே மனம்தான் வேலை செய்கிறது. 81 நல்ல மதிப்பெண் என்பது அவள் கண்ணில் படாது. பழைய 88ஐ அளவுகோலாக வைத்து, குறைந்த 7ஐ மட்டுமே பார்க்கிறாள்.

அதனால் "கணக்கில் கூடியிருக்கிறதே" என்று ஈடுகட்டாதீர்கள், எடுபடாது. அழட்டும். அப்புறம் விடைத்தாளை எடுத்து, அந்த 7 எங்கே போனது என்று சேர்ந்து பாருங்கள். அவள் என்ன காரணம் சொல்கிறாள் என்பதுதான் முக்கியம். "எனக்கு மூளை இல்லை" என்றால் வெட்கம்தான் மிஞ்சும். "அலகுகளை எழுதாமல் விட்டேன்" என்றால் திருத்த வழி இருக்கிறது. கணக்கில் ஏறியதை "வினாத்தாள் சுலபம்" என்று தள்ளிவிட்டால், அவள் போட்டுப் பார்த்த கணக்குகளை எடுத்துக் காட்டுங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் தயங்காமல் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.