கேட்காத பிள்ளை

கேள்வி: நானும் கணவரும் தீப்பெட்டி ஆபீஸில் கூலி வேலை பார்க்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள். இதுவரை எதையும் வேண்டுமென்று கேட்டதில்லை. ஜியோமெட்ரி பெட்டி தொலைந்து இரண்டு மாதமாகியும் எங்களிடம் சொல்லாமல், பக்கத்துப் பிள்ளையிடம் வாங்கிக் கணக்குப் போட்டிருக்கிறாள். “ஏழை வீட்டுப் பிள்ளை எவ்வளவு படித்தாலும் கடைசியில் கூலிக்குத்தான் வர வேண்டும், பத்தாவது முடிந்ததும் மில்லுக்கு அனுப்பு” என்கிறார் மாமியார். அவர் சொல்வது சரிதானா டீச்சர்?
- வாசகி, சாத்தூர்

பதில்: உங்கள் மாமியார் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார், அம்மா. அவர்மேல் கோபம் வேண்டாம். ஆனால் பிள்ளையை மில்லுக்கு அனுப்பாதீர்கள்.

அந்த ஜியோமெட்ரி பெட்டியைத் தாண்டி என்னால் கடிதத்தைப் படிக்க முடியவில்லை. நானும் அப்படி ஒரு பிள்ளை. ராத்திரி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து அம்மாவோடு தீப்பெட்டி ஒட்டுவோம். மைதாப் பசை விரலில் காய்ந்து தோலோடு உரியும். மறுநாள் பேனா பிடித்தால் எரியும். நோட்டு தீர்ந்துவிட்டது என்று சொல்ல வாய் வராது. பழைய நோட்டின் ஓரங்களில் எழுதுவேன். “பொறுப்பான பிள்ளை” என்று தெருவே மெச்சியது.

அந்தப் பொறுப்புதான் என்னைக் கவிழ்த்தது. 1982இல் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். விண்ணப்பத்துக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அப்பா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார், கிடைக்கவில்லை. வகுப்பு ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழி பிறந்திருக்கும். கேட்கக் கூச்சம். கடைசித் தேதி போயிற்று. என்னைவிட நாற்பது மதிப்பெண் குறைந்த குமாஸ்தா வீட்டுப் பையன் பொறியியல் படிக்கப் போனான்; நான் ஒரு வருடம் பெட்டி ஒட்டினேன். அடுத்த ஆண்டு எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஓர் ஆசிரியை, ஆசிரியர் பயிற்சிக்கான விண்ணப்பத்தை வாங்கிவந்து, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தன் கையாலேயே நிரப்பினார். என் இத்தனை வருடச் சம்பளமும் அந்தத் திண்ணையில் தொடங்கியதுதான்.

பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் குழுவினரும் அமெரிக்காவில் 7 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பேஸ்புக் நட்புகளை அலசி 2022இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஏழைகளும் வசதியானவர்களும் நண்பர்களாகக் கலந்து பழகும் ஊர்களில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள் பின்னாளில் அதிகம் சம்பாதிப்பதைக் கண்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. வழி தெரிந்த ஒருவர் கூப்பிடு தூரத்தில் இல்லாததும், இருந்தாலும் கூப்பிட நா எழாததும் எவ்வளவு பெரிய வறுமை!

இப்போது வழிகள் கூடியிருக்கின்றன. மில்லில் மாதம் பிறந்தால் சம்பளம். படிப்பின் பலனுக்கு ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது பெரிய பாரம்தான். அதில் கொஞ்சத்தை அரசு சுமக்கிறது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இடம் கிடைத்தால் கட்டணத்தையும் அரசே கட்டும். ஆகவே பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் மயங்கிவிடாதீர்கள். கல்லூரிக்குப் போனதும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பஸ் செலவும் புத்தகச் செலவும் ஓரளவு கழியும்.

சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே எழுதிக் கொடுங்கள். தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். ஒருநாள் மகளோடு பள்ளிக்குப் போய், பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போகலாம் என்று வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பது அவளாகவே இருக்கட்டும். திக்கினாலும் நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.

ஜியோமெட்ரி பெட்டியை இந்த வாரக் கூலியிலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். தொலைத்ததற்குத் திட்ட வேண்டாம். “ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை?” என்று மட்டும் கேளுங்கள்.