போக்சோ தண்டனையும் மேல்முறையீடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் தம்பிக்குப் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) சிறப்பு நீதிமன்றம் 10 ஆண்டு கடுங்காவல் விதித்துள்ளது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தால் வழக்கு மீண்டும் முதலிலிருந்து நடக்குமா?

நடக்காது. சாட்சிகள் மறுபடியும் கூண்டேற மாட்டார்கள். சிறப்பு நீதிமன்றத்தில் பதிவான சாட்சியம், சான்றாகக் குறியீடு செய்யப்பட்ட ஆவணங்கள், தீர்ப்பு ஆகியவற்றைப் படித்து, இரு தரப்பு வாதத்தையும் கேட்டு உயர் நீதிமன்றம் முடிவெடுக்கும். அதற்காக, கீழமை நீதிமன்றத் தீர்ப்பில் வெளிப்படையான பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. தண்டனையை எதிர்த்து வரும் முதல் மேல்முறையீட்டில் சட்டக் கேள்விகளோடு உண்மை விவரங்களையும் தானே சீர்தூக்கிப் பார்த்துத் தனக்கென ஒரு முடிவுக்கு வருவது அதன் கடமை. சாட்சி சொன்னவர் தயங்கினாரா, தடுமாறினாரா, அழுதாரா என்பது காகிதத்தில் முழுமையாகப் பதிவாகாது என்பதால், அவரை நேரில் பார்த்த நீதிபதியின் மதிப்பீட்டுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிய எடை தருவது வழக்கம்.

உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யக் காலவரம்பு 60 நாள். தீர்ப்பு நகல் பெறுவதற்கு ஆகும் நாள்கள் இதில் கழிக்கப்படும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். சிறையிலிருந்தே மனு அனுப்பவும் வழி உண்டு.

ஒரே ஒரு குழந்தையின் சாட்சியத்தை வைத்து எப்படித் தண்டிக்கலாம்? குறுக்கு விசாரணையில் நேரத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறது. இது போதாதா, விடுதலை ஆவதற்கு?

எனக்கு வரும் கடிதங்களில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று இந்தியச் சாட்சியச் சட்டம் எங்கும் சொன்னதில்லை. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதினியமும் சொல்லவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்குப் பொருந்தப் பதில் சொல்லக்கூடிய எவரும் சாட்சியாகலாம்; வயது தடையில்லை. பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பத் தகுந்ததாக இருந்தால், வேறு சான்று துணை நிற்க வேண்டும் என்று வற்புறுத்தத் தேவையில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1996-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. குழந்தைச் சாட்சியைப் பொறுத்தவரை கூடுதலாக ஒரு கவனம் தேவை: யாரேனும் சொல்லிக்கொடுத்துப் பேச வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே, மேல்முறையீட்டு நீதிபதி சாட்சியத்தின் முதல் பக்கத்திலிருந்தே கவனிப்பார். எந்த வகுப்பில் படிக்கிறாய், பொய் சொல்வது சரியா தவறா, இங்கே எதற்காக வந்திருக்கிறாய் என்று நீதிபதி கேட்ட தொடக்கக் கேள்விகளும் அவற்றுக்குக் குழந்தை சொன்ன பதில்களும் அங்கே இருக்க வேண்டும். அந்தப் பகுதி விடுபட்டுப்போனாலும் அதனாலேயே சாட்சியம் செல்லாமல் போய்விடாது. மற்றப் பக்கங்களிலிருந்து குழந்தையின் புரிதல் தெரிந்தால் போதும். அடுத்து, நீதித்துறை நடுவரிடம் கொடுத்த வாக்குமூலத்தையும் நீதிமன்றச் சாட்சியத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிப்பார். நடுவர் முன் கொடுத்த வாக்குமூலம் தனியே ஒரு சாட்சியம் ஆகாது. நீதிமன்றத்தில் சொன்னதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோதான் அது பயன்படும்.

மாலை என்றது இரவு என்றானது, சட்டையின் நிறம் மாறியது போன்றவற்றை எந்த உயர் நீதிமன்றமும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓராண்டுக்கு முன் நடந்ததை விவரிக்கும் ஏழு வயதுக் குழந்தை எல்லாவற்றையும் அச்சுப் பிசகாமல் சொன்னால்தான் ஐயப்பட வேண்டும் என்பது என் கருத்து. செய்தவர் யார், செய்தது என்ன என்ற இரண்டிலும் முரண்பாடு வந்தால் நிலைமை வேறு. முதல் தகவல் அறிக்கையில் இல்லாத ஊடுருவல் குற்றம் நீதிமன்றக் கூண்டில் முதன்முறையாகச் சொல்லப்பட்டால், அது பிறகு கூட்டிச் சேர்த்துச் சொன்னதா என்று கேட்க வேண்டியிருக்கும். அதே நேரத்தில், காயம் இல்லை என்ற மருத்துவ அறிக்கையையோ, புகார் தாமதமானதையோ மட்டும் நம்பி மேல்முறையீடு செய்பவர்கள் ஏமாந்துபோகவே வாய்ப்பு அதிகம்.

போக்சோ சட்டத்தின் பிரிவு 29-இன்படி குற்றம் செய்ததாகவே அனுமானிக்க வேண்டும் என்றால் மேல்முறையீட்டில் வாதிட என்ன மிச்சம் இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அந்த அனுமானம் 3, 5 (ஊடுருவல் பாலியல் தாக்குதல், அதன் கடுமையான வடிவம்), 7, 9 (ஊடுருவல் இல்லாத பாலியல் தாக்குதல், அதன் கடுமையான வடிவம்) ஆகிய பிரிவுகளின்கீழ் வரும் குற்றங்களுக்கு உரியது. பிரிவு 11 சொல்லும் பாலியல் துன்புறுத்தல் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ள குற்றங்களிலும், பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர், குற்றம் சாட்டப்பட்ட செயல் நடந்தது என்ற அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவியாக வேண்டும் என்றே உயர் நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் விளக்கியுள்ளன. அடித்தளம் இல்லாத இடத்தில் அனுமானம் எழாது. அது எழுந்த பிறகும், குறுக்கு விசாரணையில் வெளிவந்த செய்திகளைக் கொண்டே எதிர்த் தரப்பு அதை முறியடிக்கலாம். தனியாகச் சாட்சிகளை நிறுத்தித்தான் தீர வேண்டும் என்பதில்லை. “பிரிவு 29 இருக்கிறது, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) மறுக்கவில்லை” என்று இரண்டு வரியில் முடித்துவிட்ட தீர்ப்பு மேல்முறையீட்டில் தடுமாறும்.

சிறுமியின் வயதுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழை மட்டுமே தாக்கல் செய்தார்கள். அதை எதிர்த்து இப்போது வாதிடலாமா?

வாதிடலாம், உங்கள் மேல்முறையீட்டின் வலுவான பகுதி இதுவாகவும் இருக்கலாம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் பிரிவு 94 காட்டும் வரிசையையே பாதிக்கப்பட்டவரின் வயதுக்கும் பின்பற்றுகிறார்கள்: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்று, இவை எதுவுமே இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம், மாற்றுச் சான்றிதழ் இந்த வரிசையில் அடங்காது என்று கூறி, மருத்துவர் சொன்ன 18 முதல் 20 வயது என்ற கணிப்பையும் கருத்தில் கொண்டு, போக்சோ தண்டனையை ரத்து செய்தது. வயது 17-ஐ ஒட்டி இருக்கும் வழக்குகளில்தான் இந்த வாதத்துக்கு உயிர் உண்டு. எட்டு வயதுக் குழந்தையின் வழக்கில் இதை எழுப்புவது நீதிமன்றத்தின் நேரத்தை வீணாக்கும்.

மேல்முறையீட்டுக்குப் போனால் தண்டனை கூடிவிடுமா? குறைக்கச் சொல்லலாமா?

தண்டிக்கப்பட்டவர் மட்டும் செய்த மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமென்றால் அரசு தனியே மேல்முறையீடு செய்ய வேண்டும். குறைப்பதைப் பொறுத்தவரை, சட்டம் குறைந்தபட்சத் தண்டனை விதித்துள்ள பிரிவில் அதற்குக் கீழே இறங்க உயர் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தை தொடர்பான ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் 7 ஆண்டாகக் குறைத்ததை 2023-இல் உச்ச நீதிமன்றம் மாற்றி, மீண்டும் 10 ஆண்டாக்கியது.

குற்றம் நடந்த தேதியைத் தவறாமல் பாருங்கள். 2019 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கடுமையான ஊடுருவல் குற்றத்துக்குத் தண்டனை சொல்லும் பிரிவு 6-இன் குறைந்தபட்சத் தண்டனையை 10 ஆண்டிலிருந்து 20 ஆண்டாக உயர்த்தியது. அதற்கு முந்தைய குற்றத்துக்குப் புதிய தண்டனையை விதித்திருந்தால், குற்றம் நடந்தபோது இருந்த சட்டத்தைவிடக் கூடுதலாகத் தண்டிப்பதைத் தடுக்கும் அரசியலமைப்பின் 20(1)-ஆவது உறுப்புக்கு எதிரான அந்தப் பகுதி நிற்காது.

நான் பாதிக்கப்பட்ட குழந்தையின் தாய். எதிரி தண்டனையை நிறுத்திவைக்க மனு போட்டிருக்கிறார். எங்களைக் கேட்பார்களா? என் மகள் மீண்டும் வந்து பேச வேண்டியிருக்குமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: பொதுவாக வேண்டியதில்லை, அம்மா. குழந்தையைத் திரும்பத் திரும்பச் சாட்சி சொல்ல அழைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் எடுக்கும் அதிகாரம் இருந்தாலும் அரிதாகவே அது பயன்படுகிறது.

10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரைப் பிணையில் விடுவதற்கு முன், எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்க அரசு வழக்கறிஞருக்கு வாய்ப்புத் தர வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் தன் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு என 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் வழக்கு எண்ணைக் கொடுத்து, உங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞரையும் முன்னிலையாகச் செய்யுங்கள். நாளை எதிரி விடுதலையானாலோ, இழப்பீடு போதவில்லை என்றாலோ நீங்களே மேல்முறையீடு செய்யலாம். தண்டனை போதாது என்ற ஒன்றுக்காக மட்டும் அந்த வழி உங்களுக்கு இல்லை. அதை அரசுதான் செய்ய வேண்டும்.

சிறுமிக்கு இப்போது 20 வயது. தண்டிக்கப்பட்டவரோடு குடும்பம் நடத்துகிறார். இதைச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் விடுதலை பெறலாமா?

நம்பிக்கை தர என்னால் இயலவில்லை. இதே போன்ற வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2023 அக்டோபரில் வழங்கிய விடுதலையை உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 20 அன்று ரத்து செய்து, குற்றத்தீர்ப்பை மீட்டது. குற்றம் நிரூபணமான பிறகு உறவு தொடர்கிறது என்பதற்காக உயர் நீதிமன்றம் விடுவிக்க முடியாது என்பதே அதன் சாரம். பிறகு 2025 மே மாதம், அந்தப் பெண்ணின் நிலையை வல்லுநர் குழு மூலம் அறிந்த பின், முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142-ஆவது உறுப்பின்கீழ்த் தண்டனை விதிக்காமல் விட்டது. 2022-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும் திருமணத்தையும் குழந்தைகளையும் கருத்தில் கொண்டு உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்திருக்கிறது. இரண்டையும் முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று அந்த நீதிமன்றமே சொல்லியிருக்கிறது; 142-ஆவது உறுப்பு உயர் நீதிமன்றத்துக்கு உரியதும் அன்று. வயது, அடையாளம், சாட்சியம் ஆகியவற்றில் வலுவான வாதம் இருந்தால் அவற்றையே மேல்முறையீட்டின் முன்வரிசையில் வையுங்கள். குடும்ப வாழ்க்கையைப் பற்றிய பிரமாணப் பத்திரம் அவற்றுக்குப் பின்னால் வரட்டும்.